குடம் நிறைந்ததா?

சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் எனக்கு ஒரு செய்தி அனுப்புவாள். ஐம்பது அறுபது பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய அரங்கில் அந்த மாதம் திரையிடப்படும் படங்களின் பட்டியல் அது. பெரிய திரையரங்குகளில் இடம் கிடைக்காத படங்கள், கிடைத்தும் ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டுவிட்ட படங்கள், ஆவணப்படங்கள். பட்டியலின் கீழே "நீ இங்கே இருந்திருக்கலாம்" என்று எப்போதும் ஒரு வரி இருக்கும்.

ஒருமுறை அந்தச் செய்தி வந்தபோது குன்னத்துக்கு வரும் மாலைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். சின்ன வெங்காய அறுவடைக் காலம். வேலை முடித்துத் திரும்பும் பெண்களால் பேருந்து நிறைந்திருந்தது. நகக்கண்ணில் செம்மண், சேலையில் வெங்காயத்தாளின் வாடை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பட்டியலைப் படித்தேன். கூழாங்கல், கொட்டுக்காளி, மாடத்தி, தேவதைகள். நான்கும் தமிழ்ப் படங்கள். நான்கிலும் நகரத்துக்கு வெளியே வாழும் பெண்கள். வெயிலில் நடப்பவர்கள், தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள், சாதிக்காகத் தண்டிக்கப்படுபவர்கள், பிணம் புதைப்பவர்கள். ஏறக்குறைய அதே பெண்களின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர்கூட இந்த நான்கு படங்களில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவற்றின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்து ஒரு படம் உருவாகிறது. அந்தப் படம் அவளுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? கடன் உண்டு என்றால் அதை எப்படித் தீர்ப்பது?

இந்தக் கேள்விக்குத் தென்னிந்தியாவில் சினிமாவின் வயதே ஆகிறது. மலையாளத்தின் முதல் திரைப்படமாகக் கருதப்படும் விகதகுமாரனில் கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர். ஜே.சி. டேனியல் இயக்கிய அந்த மௌனப் படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் பெண்ணின் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது, ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். தன் படத்தின் முதல் காட்சியை அவரால் மற்றவர்களைப் போல உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் சுருளும் இன்று இல்லை.

ரோசியின் முகத்தைத் திரையில் பார்க்க எல்லோருக்கும் உரிமை இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. இன்று கேரளத்தின் சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியிருக்கிறது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. இவை காலம் கடந்து வந்த நியாயங்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் ரோசிக்கு நடந்ததை முடிந்துபோன கொடுமையாக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. பார்க்கப்படுகிறவள் ஒருத்தி, பார்க்கிறவர்கள் வேறு சிலர் என்ற அந்த ஏற்பாடு சத்தமில்லாமல் இன்றும் தொடர்கிறது. கல்லெறிய ஆள் தேவையில்லை. அரங்கம் ஓரிடத்திலும் அவள் ஓரிடத்திலும் இருந்தால் போதும்.

எங்கள் பகுதிக்கு சினிமா தாமதமாக வந்தது என்று யாராவது நினைத்தால் அது தவறு. பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தத் திருச்சியில்தான் 1905இல், ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டில் சினிமா முதலில் ஊர் தேடி வந்த பொருள்தான். பின்னாளில் டூரிங் கொட்டகைகள் அந்த வேலையைச் செய்தன. என் அம்மா கொட்டகையைப் பற்றிப் பேசும்போது படத்தின் கதையைச் சொல்ல மாட்டார். பெண்கள் பக்கத்துக்கு நடுவில் இருந்த தடுப்பு, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தது, மடியில் தூங்கிய தம்பி, திரும்பி வரும்போது வண்டித்தடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டு நடந்த இருட்டு, இவைதான் அவர் நினைவில் இருக்கும். இரவில் பெண்கள் கூட்டமாக வெளியே இருக்க ஊர் அனுமதித்த மிகச் சில காரணங்களில் சினிமாவும் ஒன்று.

பிறகு கொட்டகைகள் போயின. டவுன் தியேட்டர்கள் பல திருமண மண்டபங்களாயின. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. படம் உள்ளே வந்தது, பெண் வெளியே போவது நின்றது. இப்போது கைப்பேசி. அதில் எல்லாப் படமும் இருக்கிறது என்று என் மாணவிகள் சொல்வார்கள். இருக்கிறதுதான். ஆனால் சந்தா கட்ட வேண்டும், எந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், போன் தன் கையில் இருக்க வேண்டும், கூடவே இரண்டு மணி நேரமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் பெண்களுக்குக் கிடைப்பதேயில்லை.

கூழாங்கல்லை எடுத்துக்கொள்வோம். பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். 2023இல் சோனி லிவ் தளத்தில் வெளியானது. தன் சகோதரி கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வெயிலில் நடந்தே வந்ததிலிருந்து அந்தப் படம் பிறந்ததாக இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் நடப்பதோ குடிகாரக் கணவனும் அவன் மகனும். பெண் நடந்த தூரத்தை ஆணை நடக்கவைத்த படம் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கோபித்துக்கொண்டு போன மனைவியின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. கடைசியில், குழியில் ஊறும் கொஞ்சம் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களோடு படம் முடிகிறது. அதே இயக்குநரின் கொட்டுக்காளி 2024 ஆகஸ்டில் திரையரங்குகளில் வெளியானது. வேறு சாதிப் பையனை விரும்பியதால் பேய் பிடித்ததாகச் சொல்லி, மீனா என்ற பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். படம் முழுக்க அவள் ஏறக்குறைய வாய் திறப்பதேயில்லை.

ஒரு படத்தில் முகம் இல்லாத பெண், இன்னொன்றில் பேசாத பெண். நானும் இவற்றை வகுப்பில் மெச்சிப் பேசியிருக்கிறேன். இன்மையின் இருப்பு, மௌனத்தின் மொழி என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

கடந்த கோடையில் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், இந்தப் படத்த எங்க அம்மா பாத்தா என்ன சொல்லும்?" பதில் தெரியவில்லை. அவள் வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் வாங்கிய ப்ரொஜெக்டரை முக்காலி மேல் வைத்தோம். வந்தவர்கள் பதினேழு பேர். பெரும்பாலானவர்கள் காலையில் நூறு நாள் வேலைக்கோ களை வெட்டவோ போய் வந்தவர்கள். என் சித்தியும் வந்திருந்தார். நாங்கள் போட்டது கூழாங்கல்.

படம் ஒன்றேகால் மணி நேரம்தான். இருபது நிமிடத்தில் இருவர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். அந்தக் கணவன் பேருந்தில் சண்டை போடும் இடத்தில் பலர் சிரித்தார்கள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்க்காத இடம் அது. முடிந்து விளக்குப் போட்டதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, தண்ணி மொண்டாளுவளே, அவளுவளுக்குக் கொடம் நெறஞ்சிச்சா?"

"அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

"அதெப்படி முடியும்? அதுக்கப்பறந்தான அவ வீட்டுக்கு வந்து சோறாக்கணும்?"

இன்னொருவர் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்: "வெயில்ல நடக்குறதையும் தண்ணிக்கு நிக்கிறதையும் நாங்க பாக்காததா? இதைப் பாக்கவா கூட்டியாந்தீங்க? சிரிக்கிற மாதிரி ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?"

நான் படித்த எந்த விமர்சனமும் குடம் நிறைந்ததா என்று கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கடைசிக் காட்சி எனக்கு ஒரு படிமம். அவருக்கு அது பாதியில் நிற்கும் ஒரு வேலை. குடம் நிறைவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. மற்றவர் கேட்டதும் என்னைச் சுட்டது. நான் அவர்களுக்கு ஒரு உரிமையைக் கொண்டுவந்து கொடுப்பதாக நினைத்திருந்தேன். பார்க்காமல் இருக்கவும் ஒருத்திக்கு உரிமை உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. தன் துன்பம் கலையாகியிருப்பதைப் பார்த்து அவள் நெகிழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவித அதிகாரம்தான். தூங்கிய இருவரைப் பற்றி, நல்ல சினிமா ரசனை இல்லையே என்ற எண்ணம் ஒரு கணம் எனக்குள் எழுந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தவள் இரவு எட்டரைக்குத் தூங்குவதை ரசனைக் குறைவு என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது எது?

இதுவரை சினிமாக்காரர்களைப் பற்றிக் கேட்ட கேள்வியை இனி என்னிடமே கேட்க வேண்டும்.

என் முதல் தொகுப்பில் சித்தியைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. கணவர் வேறொரு குடும்பம் ஏற்படுத்திக்கொண்டு போனபின், சித்தி தாய்வீட்டுக்குத் திரும்பி வந்து காட்டைப் பார்த்துக்கொண்டார். நான் பள்ளி மாணவியாக இருந்த ஒரு நள்ளிரவில், கிணற்று மேட்டில் அவர் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி இருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதை எழுதினேன். அழும் ஒரு பெண், ஆழமான கிணறு, அவளை அழைக்கும் தண்ணீர். பல மேடைகளில் வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் அரங்கில் ஒரு அமைதி விழும். அந்த அமைதியை நான் விரும்பினேன். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருக்கு அதைப் படித்துக் காட்டியதில்லை. புத்தகம் மட்டும் அவர் வீட்டு அலமாரியில், ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

படம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்துக் காட்டினேன். வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகலைப் பொறுக்கியபடி கேட்டார். முடித்ததும் தலையைத் தூக்கினார்.

"இது யாரு, நானா?"

"நீதான் சித்தி."

"கெணத்து மேட்டுல நான் அழுதேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நான் பாத்தேன் சித்தி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒக்காந்திருந்த."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பாப்பா, திரீ பேஸ் கரண்டு வரும்னு ஒக்காந்திருந்தேன்டி. அந்த வாரம் நமக்கு ராத்திரி மொற. கரண்டு வந்தாத்தான மோட்டாரு போட முடியும்? வெங்காயம் காஞ்சிக்கிட்டு கெடந்துச்சு. தூங்கிட்டா தண்ணி போயிடும்."

என்னால் எதுவும் பேச முடியவில்லை. சித்தியே தொடர்ந்தார். "நீ பாட்டுக்கு என்னயக் கெணத்துல தள்ளப் பாத்திருக்கியே."

பிறகு சற்று நேரம் கழித்து, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அழுவாம இல்ல. அது வேற எடம்."

பேருந்தில் எனக்கு எழுந்த கேள்விக்கு இந்த உரையாடலிலிருந்துதான் ஒரு பதிலை யோசிக்கத் தொடங்கினேன். என் கவிதை பொய்யென்று நான் சொல்லவில்லை. கைவிடப்பட்ட பெண்கள் கிணற்றை நோக்கிப் போன கதைகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ உண்டு. ஆனால் அன்று அந்தக் கிணற்று மேட்டில் இருந்தது ஒரு விவசாயி. தன் பயிருக்காகத் தூக்கத்தை விட்டவர். நான் அவரிடமிருந்து அவருடைய வேலையை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கண்ணீரைக் கொடுத்திருக்கிறேன். இரக்கத்தோடுதான் செய்தேன். இரக்கத்தோடு செய்ததால்தான் இருபது ஆண்டுகளாக என்னைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

அப்படியென்றால் யாரைப் பற்றி எழுதுகிறோமோ, படம் எடுக்கிறோமோ, அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டுமா? இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். "எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி எப்படி எடுத்தாய்?" என்ற குரல் தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாதியின் வாயிலிருந்தும் ஊர்ப் பெரியவர்களின் வாயிலிருந்தும் வருவது. லீனா மணிமேகலை 2019இல் எடுத்த மாடத்தி, பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் சமூகத்தின் ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தப் படத்துக்கு ஊரிடம் அனுமதி கேட்டிருந்தால் ஊர் கொடுத்திருக்குமா? கண்ணில் படாதே என்று சொன்னவர்களிடமே போய், இவளைக் காட்டலாமா என்று கேட்பது அபத்தம். கடன் ஊரின் மானத்துக்கு இல்லை. யாருடைய உடலும் உழைப்பும் திரையில் இருக்கிறதோ அவளுக்குத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், பெண்களின் பெயரைச் சொல்லி ஆண்கள் படங்களைத் தடுப்பார்கள். தடுத்தும் இருக்கிறார்கள்.

அவளுக்கான கடனை எப்படித் தீர்ப்பது? படத்தை அவளிடம் கொண்டுபோவது ஒரு வழி. அது புதிதும் இல்லை. 1980களில் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவர் நண்பர்களும் ஒடேசா என்ற கூட்டமைப்பை வைத்து, ஊர் ஊராகப் போய் மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் அம்ம அறியான் படத்தை எடுத்தார்கள். 1986இல் வந்த அந்தப் படத்தை மக்களிடமே எடுத்துச் சென்று காட்டினார்கள். அம்மா அறிவதற்கு என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஒரு மகன் தன் தாய்க்குச் சொல்லும் செய்தியாக அமைந்த படம். எனக்கு மிகவும் பிடித்த முயற்சி அது. இப்போது அதை நினைக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. மகன் சொல்லி முடித்தபின் அம்மா என்ன சொன்னாள்? அதைக் கேட்டு எழுதிக்கொள்ள யாராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொண்டுபோய்க் காட்டுவது பாதி வேலைதான் என்று இப்போது நினைக்கிறேன். "அது நான் இல்லை" என்று அவள் சொல்வதற்கும், அவள் சொன்னது அந்தப் படைப்போடு சேர்ந்தே பயணம் செய்வதற்கும் இடம் வேண்டும். விமர்சனம் என்பது படித்தவர்கள் மட்டும் செய்யும் வேலை என்று நாம் பழகியிருக்கிறோம். அன்று வாசலில் கேட்ட குடத்தைப் பற்றிய கேள்வி, கூழாங்கல் பற்றி நான் அறிந்த விமர்சனங்களில் ஆகக் கூர்மையானது. அதைக் கேட்டவர் பெயர் எந்த இதழிலும் வரப்போவதில்லை. என் மாணவிகளிடம் இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். படத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதற்கு முன், படத்தில் இருக்கும் வேலையைச் செய்கிற ஒரு பெண்ணோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். அவர் தூங்கினால் எழுப்பாதீர்கள். அவர் சொன்னதைத் திருத்தாமல் எழுதி வாருங்கள். உங்கள் கருத்து அதற்குக் கீழே வரட்டும்.

அதே வாசலில் இரண்டாவது முறை படம் போட்டோம். தேர்வு அவர்களுடையது. ஊர்வசி நடித்த சிரிப்புப் படம் வேண்டும் என்றார்கள். 1994இல் வந்த மகளிர் மட்டும் கிடைத்தது. வேலையிடத்தில் முதலாளியின் தொல்லையைத் தாங்கும் மூன்று பெண்கள் சேர்ந்து அவனை மடக்கும் கதை. நாகேஷ் பிணமாக வரும் இடத்தில் தெருவே சிரித்தது. யாரும் தூங்கவில்லை. படம் முடிந்தபின், காட்டு வேலைக்குக் கூப்பிடும் ஆட்கள் பேசும் பேச்சைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். பதினொரு மணி வரை பேசினார்கள். அங்கே பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று இன்னும் அவர்களிடம் கேட்கவில்லை.

அந்தக் கவிதையை நான் மாற்றவில்லை. மேடையில் படிக்க நேர்ந்தால், சித்தி சொன்ன பதிலையும் சேர்த்தே படிக்கிறேன். கரண்டு வருவதற்காகக் காத்திருந்ததைச் சொல்லும்போது கூட்டம் சிரிக்கிறது. பழைய அமைதி இப்போது விழுவதில்லை. அவர் அழுத அந்த வேறு இடம் எது என்று நான் கேட்கவில்லை. சொல்ல நினைத்தால் சித்தி சொல்வார்.